தானாபதியின் கழுத்து

1799 அக்டோபர் 16, கயத்தாறு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாளும் இடமும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதற்கு 33 நாள் முன்பு, செப்டம்பர் 13 அன்று, நாகலாபுரத்தில் இன்னொருவரைத் தூக்கிலிட்டார்கள். உயிர் போனதோடு விடவில்லை. தலையை அறுத்து எடுத்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கழியில் குத்தி நிறுத்தினார்கள். அவர் பாளையக்காரர் அல்லர். பாளையத்துக்கு வாரிசும் அல்லர். பேசுவதற்கும், கடிதம் எழுதுவதற்கும், கணக்குக் காட்டுவதற்கும் இருந்தவர். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை என்று பெயர். சில நூல்களில் சிவசுப்பிரமணிய பிள்ளை.

கட்டபொம்மனுக்காவது விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்து, குற்றச்சாட்டைப் படித்து, பதிலும் கேட்டார் இங்கிலீஷ் கம்பெனியின் மேஜர் பானர்மன். தானாபதிக்கு அந்த நாடகம்கூட வாய்க்கவில்லை. பிடிபட்ட சில நாட்களுக்குள் கதை முடிந்தது. வாள் பிடித்தவனைவிட எழுத்தாணி பிடித்தவனைக் கொல்ல ஒரு படைத்தளபதி ஏன் இத்தனை அவசரப்பட வேண்டும்? ஆயுதமில்லாத ஒரு ஆள்மேல் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது?

பதிலைத் தேட அந்தப் பதவியின் பழைய வரலாற்றுக்குப் போக வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ், பேரரசின் கீழிருந்த தலைவர்கள் தலைநகரில் தங்களுக்கென்று காரியக்காரர்களை நிறுத்தி வைத்திருந்ததைக் குறித்திருக்கிறார். அரண்மனையில் என்ன நடக்கிறது என்று தலைவனுக்கு எழுதுவது, தலைவன் சார்பில் ராஜாவிடம் பேசுவது, இவையெல்லாம் அவர்கள் வேலை. மதுரை நாயக்கர் காலத்தில் இதே வழக்கம் தெற்கே இறங்கியது. பாளையக்காரர்கள் மதுரையில் தங்கள் தானாபதிகளை வைத்தார்கள். இன்றைய தூதரகம்போல் சுற்றுச்சுவரும் கொடிமரமும் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த ஆளே தூதரகம். பாளையக்காரர் கப்பம் கட்டத் தவறினாலோ, கூப்பிட்ட படையெடுப்புக்கு ஆள் அனுப்பாவிட்டாலோ, நாயக்கரின் கண் முதலில் விழுவது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தானாபதிமேல். பேச்சுக்கு வந்தவர், பிணைக்கும் அவரே. யாரும் எழுதி வைக்காத இந்த நிபந்தனை அந்தப் பதவிக்குள் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு அரசவை இல்லாமல் போனது. ஆற்காட்டு நவாபு, அவருடைய அமில்தார்கள், குத்தகைதாரர்கள், தூத்துக்குடியில் டச்சுக்காரர்கள், பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் கம்பெனி, பக்கத்தில் எட்டயபுரம், வடக்கே ராமநாதபுரமும் சிவகங்கையும் என்று பேச வேண்டிய வாசல்கள் பெருகிவிட்டன. தானாபதி பாளையத்துக்கே திரும்பி வந்து, மந்திரி, கணக்கர், தூதர் மூன்றும் ஒருவரே என்றானார்.

அவர் பணி செய்த ஆட்சி எப்படிப்பட்டது என்று சொல்ல, சர்வாதிகாரம் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கட்டபொம்மனைச் சர்வாதிகாரி என்றால் கோபப்படுவார்கள். கோபத்தில் நியாயமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் கட்சி, ரகசியப் போலீஸ், வானொலி எதுவும் ஒரு பாளையத்தில் கிடையாது. ஆனாலும் அது ஒருவர் சொல்லில் நின்ற ஆட்சி. அந்தச் சொல்லைத் தடுக்க ஒரு சபை இல்லை. தலைவர் மனம் மாறினால் தூதரைக் காக்க ஒரு சட்டம் இல்லை. எதிரே நின்ற கம்பெனியும் குடிகளின் சம்மதத்தில் ஆண்டதல்ல. லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டிய நிறுவனம், தாமிரபரணிக் கரையில் வரியும் தூக்கும் விதித்துக்கொண்டிருந்தது. ஆக, இரண்டு தனியதிகாரங்களுக்கு நடுவே ஓலை சுமந்தவர் நம்முடைய பிள்ளை.

அவர் எதற்காகப் பேச வேண்டியிருந்தது என்பது மண்ணைப் பார்த்தால் தெரியும். பாஞ்சாலங்குறிச்சி ஒட்டப்பிடாரத்துக்கு அருகே கரிசல் காடு. மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. தெற்கே தாமிரபரணிப் பள்ளத்தாக்கு. கால்வாய்ப் பாசனம், கார், பிசானம் என்று இரண்டு போகம், ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களில் சர்க்கார் நெல்லைக் குவித்து வைக்கும் களஞ்சியங்கள். அந்த நஞ்சை ஊர்களில் பாளையக்காரருக்கு நிலம் இல்லை. காவல் உரிமை உண்டு. தலக்காவல், திசைகாவல் என்று ஊருக்கு ஊர் நெல்லும் பணமும் வரும். கள்ளனிடமிருந்து காப்பதற்குக் கூலியா, கள்ளனை ஏவாமலிருப்பதற்குக் கூலியா என்ற கேள்விக்குக் கம்பெனியார் ஒரு பதிலும் பாளையக்காரர் இன்னொரு பதிலும் வைத்திருந்தார்கள். குடியானவர்களிடம் கேட்டிருந்தால் ஊருக்கு ஒரு பதில் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எப்படியானாலும், கரிசலில் இருந்த கோட்டை ஆற்றங்கரை நெல்லில் ஒரு கை வைத்தே உயிர் வாழ்ந்தது. அந்தக் கையை நீட்டியே வைத்திருப்பதுதான் தானாபதியின் அன்றாட வேலை.

தூது எவ்வளவு ஆபத்தான பொருள் என்பதற்கு இந்தக் கோட்டையிலேயே முன்னுதாரணம் இருந்தது. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, பணத்தோடும் பீரங்கியோடும் ஒரு காகிதமும் அகப்பட்டது. கொழும்பிலிருந்த டச்சு அரசாங்கத்தோடு பாளையம் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலப்பிரதி அது. வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வருவதற்கு முந்தைய காலம். கம்பெனிக்குத் தெரியாமல் இன்னொரு ஐரோப்பியரோடு கை கோத்ததற்கு எழுத்துச் சாட்சி கிடைத்துவிட்டது. டச்சுக்காரரோடு பேசியவர் யார், காகிதத்தைப் பத்திரப்படுத்தியவர் யார் என்று புல்லார்ட்டன் கவலைப்படவில்லை. ஆனால் எழுதி வைத்தது எப்போதாவது எதிரி கைக்குப் போகும் என்பதைப் பின்னால் வந்த எந்தத் தானாபதியும் மறந்திருக்க முடியாது.

1792இல் காரன்வாலிஸ் நவாபோடு செய்த உடன்படிக்கை பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தது. அதுவரை நவாபு ஒன்று கேட்டால் கம்பெனியைக் காட்டலாம், கம்பெனி ஒன்று கேட்டால் நவாபைக் காட்டலாம். இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் உள்ள சந்துதான் சிறிய அரசுகளின் தூதர்கள் உலகம் முழுக்க நடந்துபோன பாதை. அந்தச் சந்து அடைபட்டது.

கப்பம் வாங்கக் கலெக்டராக ராமநாதபுரத்தில் உட்கார்ந்தவர் ஜாக்சன். 1798 மே முடிவில் பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவை 3310 பகோடா. படையனுப்ப ஜாக்சன் கேட்டார்; மைசூர்ப் பக்கம் கண் வைத்திருந்த சென்னை மறுத்தது. ஆகஸ்ட் 18 அன்று, ராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு ஆணை போனது. அப்புறம் நடந்தது விசித்திரம். கலெக்டர் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். பாளையக்காரர் குற்றாலத்துக்குப் போனார், பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார், அங்கும் இல்லை. 23 நாள் அலைச்சல், ஏறக்குறைய 400 மைல் என்று வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன. கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரம் அரண்மனையில் ஜாக்சன் முன்னால் கட்டபொம்மனும் தானாபதியும் நின்றார்கள். நின்றார்கள் என்பதே விஷயம்: மூன்று மணி நேரம் உட்காரச் சொல்லவில்லை.

நாற்காலி கொடுக்காதது வெறும் அவமானமல்ல, அது ஒரு அறிவிப்பு. யார் யாருக்கு எதிரே உட்காரலாம் என்பது எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தையின் முதல் வரி. பாளையக்காரர் ஒரு சிறிய ராஜாவாக வந்திருந்தார்; ஜாக்சன் அவரை நிலுவை வைத்த குத்தகைதாரராக நிறுத்தினார். தானாபதியின் கையில் கணக்கு இருந்தது. எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி என்று அவர் பேசியாக வேண்டும். ஆனால் கணக்கு முடிந்தாலும் வெளியே விடமாட்டார்கள் என்ற சந்தேகம் அறைக்குள் வந்துவிட்டது. கிளம்பினார்கள். கோட்டை வாசலில் கைகலப்பு; கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை ஆட்களோடு உள்ளே பாய்ந்தார்; லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். பாளையக்காரர் தப்பினார். தானாபதி அகப்பட்டுக்கொண்டார்.

பழைய நிபந்தனை அப்படியே வேலை செய்தது. தலைவன் கை நழுவினால் பிணை கையில் இருக்கும். இன்று 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு தூதரைக் கைது செய்யக் கூடாது, காவலில் வைக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவு கருணையில் எழுதப்பட்டதல்ல. நம் தூதரை நீ தொட்டால் உன் தூதரை நான் தொடுவேன் என்ற சமக்கணக்கில் நிற்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் கம்பெனியின் தூதர் என்று யாரும் தங்கியிருக்கவில்லை. சமக்கணக்குக்கு இடமே இல்லை.

தானாபதி திருச்சிராப்பள்ளிச் சிறையில் கிடந்தார். இதற்கு நடுவில் பாஞ்சாலங்குறிச்சி தன் வரலாற்றிலேயே பெரிய ராஜதந்திர வெற்றியைப் பெற்றது. ஜாக்சன் நடத்திய விதத்தைப் பற்றிச் சென்னைக் கவுன்சிலுக்கு முறையீடு போனது. கவர்னர் எட்வர்ட் கிளைவ், பழைய ராபர்ட் கிளைவின் மகன். விசாரிக்க வில்லியம் பிரவுன், வில்லியம் ஓராம், ஜான் காசமேஜர் என்ற மூவர் குழு அமைந்தது. 1798 டிசம்பரில் கட்டபொம்மனே அதன் முன்னால் போய் நின்றார். குற்றமில்லை என்று குழு சொன்னது. ஜாக்சன் வேலையிழந்தார். தானாபதி விடுதலையானார்.

கொலை நடந்த சம்பவத்தில், கொல்லப்பட்டவர் வெள்ளைக்கார அதிகாரி என்கிற போது, ஒரு பாளையக்காரர் மனு எழுதிக் கலெக்டரைக் கவிழ்த்தது சாதாரணமல்ல. இந்த வெற்றியைக் கம்பெனியின் நியாய உணர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். காலத்தைப் பாருங்கள்: 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிக் கிளம்புகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், தெற்கே ஒரு தீ எரிவதைச் சென்னை எப்படி விரும்பும்? ஜாக்சனைப் பலி கொடுத்து அமைதியை வாங்கினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். தானாபதியின் உயிரைத் திருச்சியில் காப்பாற்றியதில் திப்பு சுல்தானுக்கு ஒரு பங்கு உண்டு.

அப்படியானால் திப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கும். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அந்த மாதமே திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் படைகள் திருநெல்வேலிக்கு நகர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி உத்தரவு கொடுத்தார். ஜாக்சனுக்குப் பதிலாக வந்த லஷிங்டனுக்கு நிலுவையில் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 பகோடாதான் மிச்சமிருந்தது. பாக்கி குறைந்துகொண்டே வந்த நேரத்தில் படை பெருகிக்கொண்டே வந்தது. இதற்கிடையில் சிவகங்கையின் மருது சகோதரர்களோடும் திண்டுக்கல் கோபால நாயக்கரோடும் கூட்டுச் சேரும் பேச்சு நடந்தது. கம்பெனிக்குக் கட்டுப்பட்ட சிவகிரியின் மேல் பாஞ்சாலங்குறிச்சியின் ஆட்கள் போனார்கள். கூட்டணிப் பேச்சை நடத்துவதும் தானாபதி வேலைதான். ஒரு கையால் கலெக்டருக்குப் பணிவான பதில், இன்னொரு கையால் சிவகங்கைக்கு ஓலை. கம்பெனிப் பார்வையில் இது இரண்டகம். சிறிய அரசின் தூதர் எவரும் இதைச் செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாஞ்சாலங்குறிச்சியார் செய்த தவறு இன்னொன்று என்று எனக்குப் படுகிறது. மூவர் குழுவிடம் கிடைத்த தீர்ப்பை உரிமை என்று எடுத்துக்கொண்டார்கள். அது அந்தப் பருவத்துச் சலுகை. ஜாக்சனிடம் வென்ற அதே மொழியை லஷிங்டனிடமும் பேசினார்கள். செப்டம்பர் 1 அன்று, பாளையங்கோட்டைக்கு வரும்படி பானர்மன் கெடு வைத்தபோது, பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து போனது பிடிகொடுக்காத பதில். முந்தைய ஆண்டு அப்படிப்பட்ட பதிலுக்கு மறுகடிதம் வந்திருக்கும். இந்த முறை செப்டம்பர் 5 அன்று படை வந்தது.

தூது என்பதன் இன்னொரு முகமும் அன்று வெளிப்பட்டது. கோட்டையைச் சூழ்ந்துகொண்ட பானர்மன், சரணடையச் சொல்லி ராமலிங்க முதலியார் என்பவரை உள்ளே அனுப்பினார். கட்டபொம்மன் மறுத்தார். ராமலிங்கர் வந்த வழியே பத்திரமாகத் திரும்பினார். அவரை ஒருவரும் தொடவில்லை. உள்ளே இருந்த நேரத்தில் மதில் எங்கே பலவீனம், ஆள் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு வந்தவர், அதையெல்லாம் பானர்மனிடம் சொன்னார். அந்த அறிக்கையின்மேல் தாக்குதல் திட்டம் போடப்பட்டது. தூதனைத் தொடக் கூடாது என்ற பழைய மரியாதையைப் பாஞ்சாலங்குறிச்சி காத்தது. கம்பெனி அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஓராண்டுக்கு முன் ராமநாதபுரத்தில் தூதனைச் சிறைபிடித்ததும் இதே கம்பெனி என்பதையும் சேர்த்து வாசித்தால் கணக்கு முழுமையாகும்.

முதல் தாக்குதல் எடுபடவில்லை. கம்பெனி அதிகாரிகள் சிலர் செத்தார்கள். ஆனால் பெரும்பீரங்கிகள் வந்து சேரும் முன் கோட்டையை விட்டு வெளியேறுவதைத் தவிரக் கட்டபொம்மனுக்கு வழி இருக்கவில்லை. எட்டயபுரத்துப் படை துரத்தியது. கோலார்பட்டியில் நடந்த சண்டையில் தானாபதி பிடிபட்டார். கட்டபொம்மன் மறுபடியும் தப்பினார். ஓராண்டுக்குள் இரண்டாவது முறை: குதிரை தலைவரைக் கொண்டுபோனது, தானாபதி பின்தங்கினார். இந்த முறை கடிதம் எழுதி முறையிடுவதற்குப் பாளையத்தில் ஆளும் இல்லை, கேட்பதற்குச் சென்னையில் மனமும் இல்லை. பாளையக் கூட்டணியின் ஊர்களில் ஒன்றான நாகலாபுரத்தைத் தூக்குக்குத் தேர்ந்தெடுத்ததும், தலையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அனுப்பியதும் யோசித்துச் செய்த காரியங்கள். தலைவர் கிடைக்கவில்லை, அவர் பெயரால் பேசிய வாய் கிடைத்தது. அந்த வாயை ஊர் பார்க்க நிறுத்தினார்கள்.

அதன்பின் நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துவது. தானாபதியைக் கொன்றவர்கள் மட்டுமல்ல, அவர் பக்கத்தவர்களும் பழியை அவர் தலையில்தான் வைத்தார்கள்.

கம்பெனிப் பக்கத்தில் இது எளிது. பாளையக்காரர் இளையவர், முன்கோபி. அவரைக் கெடுத்தது மந்திரி என்ற தோரணை வெள்ளைக்காரர் எழுத்துகளில் வரும். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் வரை, பாளையக்காரருக்குப் பின்னால் நிற்கும் அறிவாளியாகத் தானாபதி தென்படுகிறார். நம் பக்கத்து வாய்மொழி மரபு வேறு சுருதியில் அதையே பாடுகிறது. ஸ்ரீவைகுண்டத்துக் களஞ்சியத்திலிருந்த கம்பெனி நெல் கொள்ளை போனது, காவல்காரன் கொல்லப்பட்டது, இவை தானாபதியின் வேலை, பாளையக்காரருக்குப் பிறகுதான் தெரியும், தன் ஆள் என்பதால் ஒப்படைக்க மறுத்தார், அதனால் அழிந்தார். அந்த மரபில் வந்த கட்டபொம்மன் கதைப்பாடலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்தவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. மேடையும் திரைப்படமும் இந்த முடிச்சை இன்னும் இறுக்கின. கட்டபொம்மன் வீரனா கொள்ளைக்காரனா என்று எழுத்தாளர்கள் ம.பொ.சி.யும் தமிழ்வாணனும் எதிரெதிரே நின்றபோதும், தானாபதிக்காக யாரும் வழக்காட வரவில்லை.

களஞ்சியக் கொள்ளை நடந்திருக்கலாம். வறட்சி ஆண்டில் கரிசல் கோட்டை ஆற்றங்கரை நெல்லைத் தேடிப் போவதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் சொல்லில் நடக்கும் ஆட்சியில், நூற்றுக்கணக்கான கோட்டை நெல்லைத் தலைவருக்குத் தெரியாமல் மந்திரி தூக்கிக்கொண்டு வந்தார் என்பதை எப்படி ஏற்பது? தலைவர் எல்லாம் வல்லவர் என்றால் இதற்கும் அவரே பொறுப்பு. இதற்கு அவர் பொறுப்பில்லை என்றால் அவர் எல்லாம் வல்லவர் அல்லர். கதைக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. நல்ல ராஜா, கெட்ட மந்திரி என்ற பழைய அச்சில் வார்த்தால்தான் இரண்டும் சேர்ந்து நிற்கும். கம்பெனிக்கும் அந்த அச்சு பிடித்திருந்தது; மீதிப் பாளையக்காரர்களிடம், உங்களோடு எங்களுக்குப் பகையில்லை, கெடுத்தவன் தலை அதோ என்று காட்டலாம் அல்லவா?

இந்த அச்சு நெல்லைச் சீமைக்கு மட்டும் உரியதல்ல. 1799ஆம் ஆண்டிலேயே மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், திப்புவோடும் கம்பெனியோடும் வருடக்கணக்காகப் பேசி ராஜ்யத்தைக் காத்த திவான் ராஜா கேசவதாஸ், புது ராஜா வந்ததும் பதவியிழந்து இறந்துபோனார். நஞ்சு என்றே ஊர் நம்பியது. திப்பு 1787இல் பிரான்சுக்கு அனுப்பிய மூன்று தூதர்கள் பதினாறாம் லூயியின் சபையைப் பார்த்துவிட்டு உதவி எதுவும் பெறாமல் திரும்பினார்கள். பிரெஞ்சு தேசத்து ஆடம்பரத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்ததற்காக அவர்களில் இருவரைத் திப்பு கொல்லச் செய்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். மதுரையை ஆண்ட, மருதநாயகம் எனப்பட்ட யூசுப் கானின் கதை தலைகீழ்: 1764 அக்டோபரில் அவரைக் கட்டிப்போட்டு எதிரியிடம் ஒப்படைத்த சதியில் அவருடைய திவான் சீனிவாச ராவும் இருந்தார். எஜமானன் தன்னைப் பலி கொடுக்கும் முன் எஜமானனைக் கொடுத்துவிடுவது, இந்தத் தொழிலில் உயிர் பிழைக்க இருந்த இன்னொரு வழி. சுப்பிரமணிய பிள்ளை அந்த வழியை எடுக்கவில்லை. திருச்சிச் சிறையில் மூன்று மாதம் இருந்தவரிடம் கம்பெனி அதைப் பேசிப் பார்க்காமலா இருந்திருக்கும்?

எஜமானன் தன் தூதரையே பலி கொடுப்பதை ஸ்டாலின் காலத்து சோவியத் ஆட்சி பெரிய அளவில் செய்து காட்டியது. சீனாவில் பெரும் புகழ் பெற்ற காரகான் 1937இல் சுடப்பட்டார். ஜெர்மனியில் தூதராயிருந்த கிரெஸ்டின்ஸ்கி அடுத்த ஆண்டு. பல்கேரியாவில் இருந்த ரஸ்கோல்னிகோவ் 1938இல் மாஸ்கோ திரும்பக் கிளம்பியவர், வழியிலேயே தன்னை வேலையிலிருந்து நீக்கிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பிரான்சில் தங்கினார். ஸ்டாலினுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1939இல் நீஸ் நகரில் செத்தார். எதிர்த்திசையில், ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்டிராப் 1946 அக்டோபர் 16 அன்று நியூரம்பர்க்கில் தூக்கிலேறினார். அவரோடு மரண தண்டனை பெற்ற கோரிங் முந்திய இரவில் நஞ்சு விழுங்கிவிட்டதால் அன்று முதலில் ஏறியவர் அவர். கயத்தாற்றுத் தேதியோடு பொருந்துவது வெறும் தற்செயல். இரண்டையும் ஒரு தட்டில் வைக்கவும் முடியாது: ரிப்பன்டிராப் ஒரு கண்டத்தின் அழிவுக்குக் கையெழுத்திட்டவர், அவருக்கு வக்கீல் இருந்தார், பத்து மாதத்துக்கு மேல் வழக்கு நடந்தது.

திருக்குறளில் தூதுக்கு ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள், உயிருக்கே முடிவு வந்தாலும் தன் அரசனுக்கு நன்மை தேடுபவனே தூதன் என்கிற கருத்துடையது. பாராட்டாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிச் சாகிற தூதனுக்கு அரசன் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை.

தானாபதி போன பிறகு பாஞ்சாலங்குறிச்சி கம்பெனியோடு பேசவே இல்லை என்று சொல்லலாம். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை கோட்டையைத் திரும்பக் கட்டினார். எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி, பின்னால் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையின் சைகைப் பேச்சை வருணிக்கிறார்: உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை அடுக்குவார், அவை இங்கிலீஷ்காரர்; மறு கையால் ஒரு வீச்சு, துரும்புகள் பறக்கும். அவ்வளவுதான் செய்தி. அதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம், தானாபதியும் வேண்டாம். அந்த ஆண்டு ஜூனில் கம்பெனிக்கு எதிரான மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஆள் கொண்டுபோனால் ஆளைப் பிடிப்பார்கள். சுவரைத் தூக்கில் போட முடியாது. மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சி விழுந்திருந்தது. நவம்பரில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கி, இடத்தை உழுது ஆமணக்கு விதைத்து, ஊர்ப்பெயரையே கணக்குகளிலிருந்து நீக்க உத்தரவானது.

எதிர்ப்பக்கத்து மூவர் கதையையும் சொல்லிவிடலாம். வேலையிழந்த ஜாக்சன் தன் பணிக்காலத்தை நியாயப்படுத்தி லண்டனில் ஒரு புத்தகமே அச்சிட்டார். லஷிங்டன் 1827இல் சென்னைக்கு கவர்னராகத் திரும்பி வந்தார். பானர்மன் பினாங்குத் தீவுக்கு கவர்னராகி, 1819இல் அங்கேயே இறந்தார்; சிங்கப்பூரை நிறுவப் புறப்பட்ட ராபிள்ஸுக்கு அவர் கொடுத்த தொல்லை மலேயா வரலாற்றில் தனிக்கதை. தப்புச் செய்தவருக்கும் தன் பக்கத்தை எழுத ஒரு அச்சகம் இருந்தது, பதவி உயர ஒரு ஏணி இருந்தது. அதுதான் நிறுவனம் என்பது. பாளையத்தில் தானாபதி எழுதிய கடிதங்களில் இருப்பது கட்டபொம்மன் பெயர்.

1803இல் மிஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. பாஞ்சாலங்குறிச்சி நிலங்களை விசுவாசமாக இருந்தவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஜமீன்தார்களுக்குப் படை கிடையாது, காவல் வரி கிடையாது; எல்லைத் தகராறு உண்டு, வாரிசுத் தகராறு நிறையவே உண்டு. தானாபதிகளின் இடத்தைக் கச்சேரி வக்கீல்கள் பிடித்தார்கள். மருதுவின் பழைய சீமையான சிவகங்கையின் வாரிசு வழக்கு மட்டும் ஜில்லாக் கோர்ட்டில் தொடங்கி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல்தான் முடிந்தது. தோற்ற பக்கத்து வக்கீலும் பீஸை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.